உப்புக் கரிக்கும் பிள்ளைகள்

டயகம, மேல் டிவிஷன்
14.05.2025

அன்பு மகள் கிருஷாந்திக்கு,

பிரதேச சபை எலெக்ஷனுக்கு விரலில் வைத்த மை இன்னும் போகவில்லை. கொத்மலைப் பக்கம் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். கடையில் உப்புப் பக்கட் கேட்டால் கடைக்காரன் சிரிக்கிறான். பின்னால் யாராவது இது எந்த வருஷம் என்று கேட்டால் இந்த மூன்றையும்தான் சொல்வேன். இலக்கம் எனக்குத் தெரியாது, மீனம்மா மேலே போட்டிருக்கிறாள். கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில், ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல மறு கையால் எழுதுகிறாள். எழுத்து கோணினால் அவளைத் திட்டாதே.

போனில் எனக்குப் பேச வராது, நீ அறிவாய். "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வாய் அடைத்துவிடும். இப்படி உட்கார்ந்து சொன்னால் வருகிறது.

சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து பேரனைக் கூட்டிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. மாப்பிள்ளை கிஷாந்துக்கு திரீவீல் ஓட்டம் உண்டா? திலக்ஷன் எப்படி இருக்கிறான்? இங்கே இருந்த பத்து நாளும் காலையும் மாலையும் நான்தானே கையைக் குழித்து அவன் முதுகில் தட்டினேன். சளி வெளியே வந்தால், "தாத்தா, தேயிலைக் கொழுந்து நிறம்" என்று சிரிப்பான். அந்தப் பத்து நாளில் ஒரு காய்ச்சல் வந்ததா? யோசித்துப் பார்.

அவனிடம் ஒன்று மட்டும் கேள். தாத்தாவுக்குக் கொடுத்த வார்த்தை நினைவிருக்கிறதா என்று. வேறு ஒன்றும் கேட்காதே. தலையாட்டுவான்.

உன் அப்பா
சிவசாமி


கொட்டாஞ்சேனை
19.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஒரு வரி இல்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எழுத நல்ல செய்தி ஒன்று வரட்டும் என்றுதான் இருந்தேன் அப்பா. அது வரவில்லை.

இன்றைக்குக் கிளினிக் நாள். விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுத்து, பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். ஏப்ரலில் இருந்த நிறையில் ஒன்றரைக் கிலோ குறைந்துவிட்டது. டொக்டர் கிளினிக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு முந்தி கெப்சூல் குடுக்கிறீங்களா?" குடுக்கிறேன். "முதுகு தட்டுறீங்களா?" தட்டுகிறேன். "உப்பு?" காலையும் மாலையும் ஒரு பொட்டலம், தண்ணீரில் கரைத்துக் கையில் கொடுக்கிறேன் என்றேன். உண்மையில் பொட்டலத்தை அவனே வாங்கிக்கொண்டு குசினிக்குள் போகிறான், தானே கரைத்துக் குடிப்பானாம். பெரிய ஆள் ஆகிவிட்டான் என்று எனக்குப் பெருமை.

ஆனால் கறியைத் தொடுவதில்லை. வெறும் சோற்றில் சீனி போட்டுத் தின்கிறான், இல்லாவிட்டால் வாழைப்பழம். இங்கே வெயில் கொதிக்கிறது. ஸ்கூல் விட்டு வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறான். நெற்றியில் முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புப் படிகிறது.

டொக்டர் ஒன்று கேட்டார். இந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் தாய் பக்கமும் தகப்பன் பக்கமும் இருந்தால்தான் பிள்ளைக்கு வருமாம். "சொந்தத்துல கட்டினீங்களா?" அத்தை மகன் என்றேன். எழுதிக்கொண்டார். இரண்டு பக்கமும் சின்ன வயதில் தவறிய பிள்ளைகள் யார் யார், என்ன வயது என்று கேட்டு எழுதிவரச் சொன்னார். அத்தையும் போய்விட்டார், அம்மாவும் இல்லை. எல்லாம் தலைக்குள் இருப்பது உங்களுக்கு மட்டும்தான்.

இந்தப் பட்டியல் சும்மா அல்ல அப்பா. எனக்கு மூன்று மாதம். அடுத்த கிளினிக்குக்குள் வேண்டும்.

வார்த்தை கொடுத்தாயா என்று கேட்டேன். தலையாட்டினான். என்ன வார்த்தை?

மகள்
கிருஷாந்தி


டயகம
24.05.2025

அன்பு மகளுக்கு,

மூன்று மாதம் என்று மீனம்மா வாசித்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னேன். உன் அம்மா வீரம்மா இருந்திருந்தால் இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள்.

நீ கேட்டதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. செத்த பிள்ளைகளை வரிசையாகச் சொல்லக்கூடாது என்று என் அம்மா சொல்லும். சொல்லி முடிக்கும் இடத்தில் இன்னொன்று வந்து நிற்குமாம். மீனம்மாகூட, "மாமா, அது பழைய பேச்சு, டொக்டர் கேட்டா சொல்லணும்" என்கிறாள். அவள் அறுபது பிள்ளைகளைத் தூங்கவைத்து எழுப்பியவள். நான் அப்படி இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என் தங்கை பேச்சி, எட்டு மாதக் குழந்தை. நாட்டில் முதல் கலவரம் நடந்த வருஷம், எனக்கு எட்டு வயது. அம்மா அதன் நெற்றியில் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது உப்புக் கரிக்குது, தங்காது" என்றது. நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் நாள், விடிய வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னால் புதைக்கக் கொண்டுபோனோம்.

அன்றிலிருந்து பார்த்துவருகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கொன்றது சளியும் இல்லை, வயிற்றாலை போனதும் இல்லை. உப்பு. மலைக்குப் போகிற பெண்கள் காலில் அட்டை ஏறினால் உப்பு வைக்கிறார்கள், சுருண்டு விழுகிறது. உடம்பிலேயே அவ்வளவு உப்பு இருக்கிற பிள்ளைக்கு இன்னும் உப்புக் கரைத்துக் கொடு என்று படித்தவர்கள் சொன்னால் நான் என்ன சொல்ல? இப்போது கடையிலேயே உப்பு இல்லை. யார் நிறுத்தியது என்று நினைக்கிறாய்?

ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை நம் மாரியம்மன் கோயிலில் தேர். அது வரை பொறுத்திரு. அதற்குப் பிறகு பட்டியலும் தருகிறேன், மற்றதும் சொல்கிறேன். பிள்ளை மெலிந்தால் பயப்படாதே. உப்பு இறங்குகிறது.

அப்பா
சிவசாமி


கொழும்பு, பிள்ளைகள் ஆஸ்பத்திரி
31.05.2025

அப்பா,

இதை வார்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஸ்கூல் மைதானத்தில் திலக்ஷன் விழுந்துவிட்டான். கையும் காலும் இழுத்துக்கொண்டதாம். இவர் திரீவீலில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார். இரத்தத்தில் உப்பு இல்லை என்றார்கள். இருக்கவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்ததாம். வியர்வையில் எல்லாம் வெளியே போய்விடுகிறது, அதனால்தான் நெற்றி கரிக்கிறது, அதனால்தான் உப்பு கொடுக்கச் சொன்னோம் என்று டொக்டர் சொன்னார். "எத்தனை நாளா குடுக்கல?" என்னைப் பார்த்துக் கேட்டார் அப்பா. நான் சத்தியம் செய்தேன். நர்ஸ் மிஸ்ஸிமார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உடுப்பு எடுக்க அறைக்குப் போனபோது ஸ்கூல் பேக்கை உதறினேன். கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து விழுந்தன. எழுபத்திரண்டு பொட்டலம். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

கண் முழித்ததும் கேட்டேன். சொல்லிவிட்டான். கோயிலில் சூடம் கொளுத்தி, உங்கள் கையிலும் அவன் கையிலும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினீர்களாம். நாற்பத்தெட்டு நாள் உப்பு தின்னக்கூடாது, அம்மாவிடம் சொன்னால் சாமி குத்தம், வயிற்றில் இருக்கிற தம்பியையோ தங்கச்சியையோ சாமி எடுத்துக்கொள்ளும். எனக்கே தெரியாதபோது அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

சேலைன் ஏற்ற அந்தக் கயிற்றை வெட்டப் போனார்கள். கத்தினான். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டுமாம். மற்றக் கையில் ஏற்றினார்கள். சேலைனோடு எத்தனை நாள் வைத்திருப்பது? வாயால் குடிக்க வேண்டும். குடிக்கமாட்டேன் என்கிறான்.

அதனால்தான் நேற்று மீனம்மாக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் உங்கள் காதில் வைத்தார். பிள்ளை கேட்டான்: "தாத்தா, நான் உப்பு தின்னலாமா?" நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தது, மூச்சுச் சத்தம் கேட்டது. அவன் இரண்டாம் தரமும் கேட்டான். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டீர்கள்.

இனி போன் எடுக்க வேண்டாம். வரவும் வேண்டாம். டொக்டர் கேட்ட பட்டியலை மட்டும் அனுப்புங்கள்.

கிருஷாந்தி


டயகம
03.06.2025

மகளே,

இதைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிற ஜூட்டின் கையில் கொடுக்கிறேன். நாளைக்கு விடிய வார்ட் வாசலில் தந்துவிட்டுத்தான் லொறியைத் திருப்புவேன் என்றான்.

உறைக்குள் ஒரு மஞ்சள் கயிறு இருக்கிறது. என் கையில் இருந்தது. தேருக்கு மூன்று நாள் இருக்க அவிழ்த்துவிட்டேன். சுருக்கு இறுகிக் கிடந்தது, பல்லால் இழுத்துத்தான் வந்தது. பிள்ளையிடம் காட்டு, அந்தப் பல் தடத்தையும் காட்டு. தாத்தா கட்டியதைத் தாத்தாவே அவிழ்த்துவிட்டார் என்று சொல். அவிழ்த்துவிட்டு மீனம்மாவிடம் ஒரு பிடி உப்பு வாங்கி அவள் முன்னாலேயே தின்றேன். "மாமா, போதும், வாந்தி வரும்" என்று கையைப் பிடித்தாள். அவளும் சாட்சி. குத்தம் இருந்தால் அது என் தலையில். உன் வயிற்றில் இருப்பதைத் தொடாது. அதையும் கோயிலில் போய்ச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பூசாரி திரும்பிப் பார்த்தார்.

நீ முழுகாமல் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. உனக்கு எப்படியும் இன்னொன்று வரும் என்று நினைத்து அவனைப் பயங்காட்டத்தான் அப்படிச் சொன்னேன். உன் கடிதம் வந்தபோது, அது பலித்துவிட்டதே என்று நானே பயந்துபோனேன். போனில் அவன் கேட்டபோது வாய் திறக்காமல் இருந்ததும் அதனால்தான். தின்னு என்றால் ஒன்று போகும், தின்னாதே என்றால் ஒன்று போகும் என்று நின்றேன். நின்ற நேரத்தில் போன் கையைவிட்டுப் போய்விட்டது. மன்னிக்கச் சொல்லவில்லை.

டொக்டருக்குப் பட்டியல். மீனம்மா வயதைத் தெளிவாக எழுதுகிறாள்.

என் தங்கை பேச்சியைச் சொன்னேன், எட்டு மாதம். அதற்குப் பிறகு என் அக்கா காளியாயியின் மகன் மாரிமுத்து, பாதிச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்ட வருஷம், ஒன்றரை வயது. அதே அக்காவின் மகள்தான் உன் அம்மா. டொக்டருக்கு அதையும் சொல், நான் கட்டியது அக்கா மகளை. எங்கள் மூத்தவன் செல்லையா, மாவுக்கும் பாணுக்கும் கியூவில் நின்ற வருஷம், நாலு மாதம். பால் குடிப்பான், நிற்கமாட்டான். அடுத்தது பெண், எழுபத்தேழு கலவரத்தில் லயத்து வீட்டைவிட்டு ஓடியபோது என் தோளில், பதினொரு மாதம். பெயர் வைத்திருந்தோம், வீரம்மா அதைப் பிறகு சொல்லவே விடவில்லை. ராணி. மூன்றாவது ஒரு பையன், ஆறு நாள், வயிறு போகவே இல்லை. அதற்குப் பெயர் இல்லை. நாலாவது நீ. உன் நெற்றியை உன் அம்மா தினமும் நக்கிப் பார்ப்பாள். கரிக்கவில்லை.

கிஷாந்தின் அம்மா, என் கடைசித் தங்கை பாக்கியத்துக்கும் ஒன்று, அவனுக்கு மூத்த பெண், இரண்டு வயது. அது தெரிந்தும் உன்னை அவனுக்குக் கேட்டபோது சரி என்றேன். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

பிறகு உன் மூத்தது, யதுஷா. மீரியபெத்தையில் மலை சரிந்து லயம் மூடிய வருஷம், ஐந்து மாதம். அதை உன் கையால் எழுத வேண்டி வரக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன்.

ஏழு. முத்தம் கொடுத்து, கரித்தது என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் ஏழும் போய்விட்டார்கள்.

"அவ்வளவுதானே மாமா, கையெழுத்துப் போடவா?" என்று மீனம்மா கேட்டாள். இல்லை, வரி விட்டுக் கீழே எழுது என்றேன். என் அம்மா சொன்னதை நான் இப்போது நம்பவில்லை. அவனையும் எழுது, ஆனால் அந்த வரிசையோடு சேர்க்காதே. தனியாக எழுது.

உப்புக் கரிக்கும் பிள்ளைகளில் உயிரோடு இருப்பது, ஏழு வயது, கிருஷாந்தி பெற்ற திலக்ஷன்.