சிவப்பு டப்பாவில் இருப்பது சாஸ் அல்ல

அக்கா,

சோறு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

மாலையில் கேலரிக்காரர் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க வருவார். நான் ஓட்டலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். லீவு கேட்டதற்கு மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ கதவைத் திறந்துவிடு, போதும். வாயைத் திறக்காதே.

நேற்று அவரிடம் போனில், "தம்பி ஓட்டல்ல சமைக்கிறான், படமெல்லாம் சும்மா பொழுதுபோக்கு" என்றாயே, நான் பக்கத்தில்தானே நின்றேன்? விடிய விடிய வரைந்துவிட்டு, எரிகிற கண்ணோடு அடுப்படியில் நிற்கிறவனுக்குப் பொழுது எங்கே இருக்கிறது, போக்குவதற்கு?

பின்குறிப்பு: பிரிட்ஜில் சிவப்பு டப்பாவில் இருப்பது, படம் வரைய முட்டைக்கருவில் குழைத்த சாயம். ஓட்டல் பழக்கத்தில் டப்பாவில் தேதி எழுதி ஒட்டிவிட்டேன். சாஸ் என்று நினைத்துவிடாதே.

அவரிடம் மறுபடியும் பொழுதுபோக்கு என்று சொன்னால், அது சாஸ்தான். சோற்றில் தாராளமாக ஊற்றிக்கொள்.