ஏணி கேட்டு வந்தவர்

ஜூலை 2, சனி

மருத்துவமனையில் வாரம் முழுக்க நின்ற காலுக்கு ஓய்வு என்று வராந்தாவில் உட்கார்ந்தால், என் கணவர் லைசனுக்கு அப்போதுதான் கிட்டார் நினைவு வருகிறது. பக்கத்து வீட்டு கிரெஷாம் தாளம் தட்டச் சலவைத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். என்ன பாட்டு என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. லைசனின் விரல் கம்பியில் எங்கேயாவது சுற்றும், என் வாயில் வந்தது பாட்டு. இன்று குழாயில் தண்ணீர் வராததைப் பாடினோம். அப்புறம் உசிபா மீன் விலை.

நடுவில் தபால் நிலையத்துக் கம்வெண்டோ ஐயா வந்தார். சனிதோறும் வருகிறார். போன வாரம் சல்லடை இரவல் கேட்டார், இன்று ஏணி. அவர் வீட்டிலேயே ஏணி சாய்ந்திருப்பதை ஊரே பார்த்திருக்கிறது. எல்லாம் என் எலிடா அக்காவைப் பார்க்கத்தான். அத்தான் இறந்து நாலு வருடமாக அக்கா எங்களோடுதான் இருக்கிறாள்.

அவர் தலை மறைந்ததும் லைசன் தாளத்தை முடுக்கினார். என் வாய் சும்மா இருந்ததா?

*ஏணி கேட்டு வந்தவரே, ஏற வேண்டியது எந்த இடம்?*
*கூரையில் ஓட்டை இல்லையே, கூப்பிடத்தான் வாய் இல்லையோ?*

அக்காவும்தான் சிரித்தாள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு.

ஜூலை 5

கிரெஷாமை என்ன செய்வது! சந்தையில் பழைய துணி விற்க அந்தப் பாட்டைக் கூவுகிறாராம். கூட்டம் கூடுகிறதாம். பெருமையாக வேறு சொல்கிறார்.

ஜூலை 9, சனி

கம்வெண்டோ ஐயா வரவில்லை.

நேற்று மினிபஸ்ஸில் அவர் ஏறியதும் நடத்துனர் முதல் வரியைப் பாட, வண்டியே இரண்டாம் வரியைப் பாடியிருக்கிறது. பாதி வழியில் இறங்கித் தூறலில் நடந்தே போனாராம். அக்காவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. “உனக்குப் பாட ஆயிரம் விஷயம் இருக்குடி. எனக்கு இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை” என்றாள்.

ஜூலை 12

அடுப்பில் சீமா, சோளமாவுக் களி, தீய்ந்துவிட்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 16, சனி

மன்னிப்புப் பாட்டு ஒன்று கட்டலாம் என்றது லைசனின் யோசனை. முதல்முறையாகத் திட்டம் போட்டு உட்கார்ந்தோம். இவருக்கு மெதுவான தாளம் வேண்டுமாம், கிரெஷாமுக்கு வரிக்கு வரி எதுகை வேண்டுமாம். மதியம் முழுக்கச் சண்டை. கடைசியில் வந்தது விவசாய அலுவலக அறிவிப்பு மாதிரி இருந்தது. சளி பிடித்த ஆடுகூட அதைவிட நன்றாகக் கத்தும்.

விளையாட்டாக வந்தது ஊரைச் சுற்றுகிறது. மனசாரச் சொல்ல நினைப்பது வாசலைத் தாண்டவில்லை. என்ன பிழைப்பு இது?

ஜூலை 17, ஞாயிறு

கோயிலில் ஜெபம் முடிந்ததும் நானே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். தப்பு என்னுடையது, அக்காவை விட்டுவிடாதீர்கள் என்றேன்.

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாட்டுல தப்பில்ல தமண்டா. சரியாத்தான் கேட்டிருக்கீங்க. எனக்குத்தான் பதில் வரல.”

“அப்ப வந்து அவகிட்டயே சொல்லுங்களேன்.”

“உங்க வராந்தாவுல வாயத் தொறந்தா அதுவும் பாட்டாயிடும்மா.”

வரும் சனிக்கிழமை ஒரு சத்தமும் இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23, சனி

வந்தார். எதுவும் இரவல் கேட்கவில்லை. உட்கார்ந்தார்.

நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் அடைந்து கிடந்தோம். வெளியே பேச்சே இல்லை. தேநீர் ஒரு குவளை, இரண்டு குவளை. பேசுங்களேன் மனுஷா! எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

பொறுமை போனது அக்காவுக்குத்தான். முறத்தில் விரலால் தட்டும் சத்தம் கேட்டது. வாழ்நாளில் கோயிலைத் தவிர எங்கும் பாடாதவள், வாயில் வந்ததைப் பாடினாள்:

*தேநீர் ஆறிப் போகுது, நானும் இங்கே இருக்கிறேன்...*

லைசனின் விரல் துடித்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் முறம் மட்டும் தட்டியது. பிறகு கம்வெண்டோ ஐயாவின் குரல் – சுருதியும் இல்லை, தாளமும் இல்லை – ஒரே ஒரு வரி. பாழாய்ப்போன கிரெஷாம் அந்த நேரம் பார்த்துத் தும்மினார். ஐயா என்ன பாடினார் என்று கேட்டதற்கு அக்கா சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 14

இரண்டு வீட்டு மாமன்மாரும் கல்யாணம் பேசி முடித்தார்கள். கிரெஷாம் வாயைத் திறக்கக்கூடாது என்பதும் பேச்சில் இருந்தது.

அக்டோபர் 8, சனி

அக்கா கல்யாணமாகிப் போய் ஒரு வாரம். வராந்தாவில் கால் நீட்ட இடம் இருக்கிறது. லைசன் வாசித்துக்கொண்டே இருந்தார், எனக்கு ஒரு வரியும் வரவில்லை. கிரெஷாம் பாடினார். கேட்க முடியவில்லை.

நாளை அவர்கள் வீட்டில் சாப்பாடு. கிட்டாரோடு வந்தால் அக்கா வாசலிலேயே நிறுத்திவிடுவாளாம். சனிக்கிழமைகளில் அவர்கள் இரண்டு பேரும் என்ன பாடுகிறார்கள் என்பது நம் தெருவுக்கு வரக்கூடாதாம்.