மகளுக்காகச் சேர்ந்து பஸ் ஏறினோம்

அன்புள்ள மலரோட அப்பாவுக்கு,

விவாகரத்துக்குப் பிறகும் நான் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அன்று ஓரமாக நின்று மாலை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அப்போது சொல்ல முடியாததை நாலு பேர் அறிய இங்கே எழுதுகிறேன்.

நாம் பிரிந்த வருடம் மலருக்கு ஒன்பது வயது. நீங்கள் செராமிக் கம்பெனி வேலையோடு விருத்தாசலத்திலேயே தங்கிவிட, நான் அவளைக் கூட்டிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்கூலில் அவள் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொன்னார். உச்சந்தலையில் வட்டமாக முடி போயிருந்தது. பூச்சிவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வந்த நீங்கள்தான் கவனித்தீர்கள், அவளே ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிறாள் என்று.

“புள்ளைங்க மனசுக்குன்னே சிதம்பரத்துல டாக்டர் இருக்காங்களாம் செல்வி. ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்” என்றீர்கள்.

“எம்புள்ள என்ன பைத்தியமா? நாளைக்கு அவள யாரு கட்டிக்குவாங்க?” என்று கத்தினேன். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிப் பிராது கட்டப் போகிறேன் என்றேன்.

“கட்டு. நானும் வரேன். ஆனா டாக்டரையும் பாப்போம்.”

சொன்னபடி கோயிலுக்கு வந்தீர்கள். அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் நீங்கள் விருத்தாசலத்திலேயே ஏறி எங்களுக்கும் சீட்டுப் பிடித்து வருவீர்கள்; வழியில் கருவேப்பிலங்குறிச்சியில் நாங்கள் ஏறுவோம். மலர் நடுவில் உட்காருவாள். சிதம்பரம் வரைக்கும் நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“பிரிஞ்சுட்டோம்னு குழந்தைகிட்ட யாரு சொன்னீங்க?” என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருமே சொல்லியிருக்கவில்லை. இருவரும் சேர்ந்து இங்கேயே சொல்லுங்கள் என்றார். நீங்கள் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் இருந்த மலருக்கு எதிரே உட்கார்ந்தீர்கள்.

“பாப்பா, அம்மாவும் நானும் இனிமே ஒரே வூட்டுல இருக்க மாட்டோம். அது எங்க ரெண்டு பேரு பிரச்சன. உன்னால இல்ல.”

“ரேங்க் கார்டுல கையெழுத்து கேட்டேனே, அதனாலதான சண்ட வந்துச்சு?” என்றாள் மலர்.

யார் கையெழுத்துப் போடுவது என்று நாம் கத்திக்கொண்ட அந்தச் சாயங்காலம் எனக்கு மறந்தேபோயிருந்தது. குழந்தை அதை எத்தனை மாதமாக மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்!

“இல்லடா ராஜாத்தி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நாங்க சண்டக்காரங்க” என்றீர்கள், அழுதுகொண்டே. அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் போய்வந்தோம். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தீர்கள். எங்கே போகிறாய் என்று கேட்ட கூட்டாளிகளிடம், “பொண்ண மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்று கூசாமல் சொன்னீர்களாம். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது உங்களுக்கு? நானோ அக்கம்பக்கத்தில் கண் டாக்டர் என்று சொல்லிவைத்திருந்தேன்.

உங்களோடு என்னால் வாழ முடியவில்லை. பிரிந்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் உங்களைவிட நல்ல அப்பாவை நான் பார்த்ததில்லை.

மலர் இப்போது பிளஸ் டூ. உங்கள் மாரடைப்புச் செய்தி வந்த அன்று அவள் அழவில்லை. எப்போதோ நின்றுபோன பழக்கம் அடுத்த வாரமே திரும்பி, தலையணையில் முடி கிடந்தது. எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவளே வந்தாள்.

“அம்மா, டாக்டரம்மாவ பாக்கணும். தனியாவே பஸ்ஸு ஏறிடுவேன். ஆனா நீயும் வாயேன்.”

போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். முகம் வீங்கித் திரும்பி வந்தவள், “அப்பாவுக்காக இன்னிக்குத்தாம்மா அழுதேன்” என்றாள். இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். பக்கத்து வீட்டில் கேட்டால் எங்கே போகிறோம் என்று உள்ளபடியே சொல்கிறேன்.

அவள் எப்போது கூப்பிட்டாலும் கூடப் போவேன். உங்களைப் பற்றிக் கேட்டால், என் கோபத்தைக் கலக்காமல் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

என்றும்
உங்கள் மகளுக்கு அம்மா,
செல்வி