இன்னொரு மாத்திரை எழுதிய சீட்டு

அக்கா,

இன்று டாக்டர் எனக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்களாம்; காலையில் ஒன்று போட்டால் நாள் முழுக்க நிற்குமாம். அட்டையைக் கையில் வாங்கியதும் உங்களிடம் காட்டத்தான் முதலில் தோன்றியது. உங்கள் முகம் கொஞ்சம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டுக்கு வந்த நமக்கு, பிரஷரும் ஒரே வாரத்தில்தான் வந்தது. உங்களுக்கு அன்றே ஒரு வேளை மாத்திரை. எனக்கு இளைப்பு இருந்ததால் அது ஆகாதென்று வேறொன்று கொடுத்தார்கள். அதன் வேலை சில மணி நேரம்தான். மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். வேளை தப்பினால் பிடரி தெறிக்கும். "ஏட்டி, நான் ஒண்ணப் போட்டா மறுநா காலைல வரைக்கும் அது நெனப்பே கெடையாது" என்பீர்கள், நான் கேட்காமலே.

கந்த சஷ்டி ஆறு நாளும் பகலெல்லாம் பட்டினி கிடந்து, கடைசி நாள் கழுகுமலைக்குப் பஸ் ஏறுவீர்கள். நான் மத்தியானம் அடுப்படியில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தயிர்ச்சோற்றை விழுங்குவேன். "மூத்தவ விரதம்லா விரதம்" என்பார் நம் மாமியார். எனக்கு வயிறு எரியும். சோறு தின்ற வயிறுதான், ஆனாலும் எரியும்.

ஏழெட்டு வருஷம் கழித்து, சஷ்டிக்குப் பத்து நாள் முன்னால், டாக்டரிடமிருந்து வாடிப்போய் வந்தீர்கள். அந்த ஒரு மாத்திரை இனிக் காணாதாம். அதையே கூட்டுவதைவிட இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமாகப் பிரஷரை இறக்கும் என்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட ஒன்று எழுதியிருந்தார். எனக்கு இனித்தது. மாமியார் காதுபடவே சொன்னேன்: "வாங்கக்கா, இனி ஒங்க விரதமும் கோவிந்தாதான்." நீங்கள் சிரித்துக்கொண்டே சீட்டை மடித்தீர்கள்.

அந்த சஷ்டிக்கும் பட்டினி இருந்தீர்கள். ஆறாம் நாள், பஸ்ஸுக்குக் கிளம்பிய வாசலிலேயே சாய்ந்தீர்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து உங்கள் சேலைகளை எடுத்து வைக்கும்போது சீட்டு கிடைத்தது. அது மருந்துக்கடைக்கே போயிருக்கவில்லை.

சூரசம்ஹாரத்தன்று போனவள், முருகனே கூப்பிட்டுக்கொண்டான், புண்ணியவதி என்று இன்றும் சொல்லுகிறார்கள். சீட்டைக் காட்டினால் அந்தப் பேச்சு அன்றோடு நிற்கும். காட்டவில்லை. உங்கள் மேலுள்ள பாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். காட்டினால் நான் பேசியதும் அல்லவா வெளியே வரும். சீட்டு என் பீரோவில்தான் இருக்கிறது. உங்கள் சாவில் என் வாய்க்கும் பங்குண்டு என்று எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்தும், யாராவது உங்களைப் புண்ணியவதி என்றால் இன்னமும் பொறுக்கமாட்டேன் என்கிறது.