உன்னைப் பார்த்துக் கட்டிய பல்

என் தங்கப் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அவசரத்தில் இருக்கிறாய், நானும் எல்லாம் சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன், அதனால்தான்.

விஷயம் இதுதான், அம்மா பல் கட்டிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே முன் பல் நான்கிலும் அந்தக் காவிக் கறை இருந்ததல்லவா, அதன் மேல் நகம் கனத்தில் பீங்கான் ஒட்டுகிறார்கள், வெனீர் என்று பெயர். போன வருடம் வீடியோவில் பேசும்போது, என்னம்மா எப்பப் பாத்தாலும் நெத்தியை மட்டும் காட்டுறே, உம்முனு இருக்கிறவங்ககிட்ட என்னதான் பேசுறது என்று கேட்டாய். விளையாட்டாகத்தான் கேட்டாய். ஆனால் அதற்கப்புறம் நீ கூப்பிடுவது குறைந்தது, எல்லாம் என் பல்லால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பல் டாக்டர் நல்ல மாதிரி, ஆனால் வாய் ஓயாது. நம் வாயைத் திறக்க வைத்துவிட்டு நம்மையே கேள்வி கேட்கிறாள். வடிவம் பார்ப்பதற்குப் பல் தெரியச் சிரித்த பழைய போட்டோ வேண்டும் என்றாள். அலமாரி முழுக்கத் தேடினேன், கல்யாணப் போட்டோவில்கூட நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்கிறேன், உன் அப்பாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்திருக்கிறார், பாவம். கடைசியில் நீ கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டாயே, அந்தப் போட்டோவைக் கொடுத்தேன். முகவெட்டு ஒன்றுதானே, அது நான்தான் என்று நினைத்துக்கொண்டு, சின்ன வயசுல லட்சணமா இருந்திருக்கீங்க என்றாள். போட்டோவில் முன் பல்லுக்கு நடுவே தெரிகிற உன் இடுக்கை அடைத்துவிடலாமா என்று கேட்டாள், அது இருக்கட்டும் என்று ஒரே பிடியாய்ச் சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை செய்கிற அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், உலகமே இடுக்கை அடைக்கப் போகுது, நீ ஒருத்திதான் வைக்கச் சொல்லி வந்திருக்கே என்று.

ஒட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை தலை வாரி, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து காத்திருந்தேன். பஸ்ஸில் இருக்கிறேன், கேமரா வேண்டாம் என்றாய். அடுத்த வாரம் களைப்பு என்றாய். நான் வெறும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினேன்.

நேற்று வேலை முடிந்து வந்து, முகம் கழுவி நிமிர்ந்து, புதுப் பல் எப்படித்தான் இருக்கிறது என்று சிரித்துப் பார்த்தேன். கண்ணாடியில் நீ சிரித்தாய். வந்துவிட்டாய் என்றே ஒரு கணம் நினைத்து, சாப்பிட்டியா என்று கேட்டும்விட்டேன். அப்புறம் குழாயை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, உனக்கு ஆயிரம் வேலை. ஆனால் குறை என் பல்லில் இல்லை என்று இப்போது புரிகிறது. அப்பாவும் இல்லாத இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன், எனக்கு அது தாங்கவில்லை.

நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். தூக்கத்தில் பல்லைக் கடிக்காதே. விடுப்பு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போடு, நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அணைத்துவிடாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா