என் பையில் இருந்த பட்டை

நண்பா,

மகள் வீடு மாறுகிறாள். லாரியில் பீரோவைக் கட்ட நைலான் பட்டை வாங்க இன்று லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் புதுச் சுருளைப் பிரித்ததும் அந்த வாசம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம்மிடம் இருந்த நல்ல பட்டை இரண்டே இரண்டுதான். கோலாலம்பூரில் சொல்லி வரவழைத்தவை. ஞாயிறுதோறும் கூட்டாளிகளோடு தெலுக் பாஹாங் பக்கத்துப் பாறையில் ஏறப் போவோம். உச்சியில் ஒன்றை மரத்திலும் மற்றதைப் பாறையிலும் கட்டித்தான் கயிற்றைத் தொங்கவிடுவாய். தையலை நகத்தால் கீறிப் பார்ப்பாய். கயிறு மாட்டும் கொக்கியின் திருகை மூடித் திறந்து மறுபடி மூடுவாய். "ஒண்ணு விட்டாலும் ஒண்ணு பிடிக்கணும்டா" என்பாய். பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு பார்க்கமாட்டான் என்று கிண்டல் செய்வேன்.

எனக்குத் துறைமுக ஸ்டோரில் வேலை. சரக்குத் தூக்கும் பட்டைகள் பழசானால் லேபிளை வெட்டிவிட்டு வீசிவிடுவார்கள். அப்படி வீசிய ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தேன். உள்ளங்கை அகலம் இருந்தது.

"டன் கணக்குல தூக்குன பட்டைலா, நம்மளத் தூக்காதா?"

நீ மடக்கிப் பார்த்தாய். வெயிலில் விறைத்திருந்தது. "இனிமே தூக்காதுன்னுதானடா வீசிட்டாங்க" என்று எல்லார் முன்னாலும் கத்தியால் இரண்டாக அறுத்துப் போட்டாய். வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். எனக்கோ மானமே போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நல்ல பட்டைகளில் ஒன்று அந்தப் பையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை போன் செய்தாய். "பட்டைய எடுத்துக்கிட்டு வாடா. சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத." வரமாட்டேன் என்று வைத்துவிட்டேன்.

ஏறக் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்ப உனக்கு மனம் வரவில்லையாம். இருந்த ஒன்றை மரத்தில் கட்டி, முதலில் நீயே சோதித்துப் பார்க்க இறங்கினாயாம். அந்த வாரம் முழுக்க மழை. வேர் இளகியிருந்தது. மரத்தோடு போய்விட்டாய்.

இழவு வீட்டில் உன் அம்மா கேட்டார். "நீ ஏம்ப்பா அன்னிக்குப் போகல?"

"காய்ச்சல்மா" என்றேன்.

அத்தனை அழுகைக்கு நடுவிலும் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "கஞ்சி குடிச்சியாப்பா?" என்றார்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்தவரை எத்தனையோ முறை உண்மையைச் சொல்லப் போய், வாசலோடு திரும்பியிருக்கிறேன். அந்தக் கை இன்னும் என் நெற்றியில் இருக்கிறதடா. பிள்ளை பெற்று வளர்த்தவர். அந்த நெற்றி சுடவில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?