ஆடாத கேமரா

பல் மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் செல்போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்கும் குணம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். திரையில் ஓடிய ஆள் சட்டென்று திரும்பினான். விளையாடுகிறவரின் கண்ணாக அவனைத் தொடரும் கேமரா உடனே திரும்பவில்லை. அவனை இரண்டு அடி போகவிட்டு, பிறகு மெல்ல அவனைத் தாண்டி முன்னால் போய் நின்றது. விளையாட்டின் பெயரைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அது உன் கை. நீ இறந்து இரண்டு வருடமாகிறது.

தொடவே மாட்டேன் என்று வைத்திருந்த அந்த விளையாட்டை அன்று வீட்டுக்கு வந்ததும் போனில் ஏற்றிக்கொண்டேன். துக்கத்தால் என்று நினைத்துவிடாதே. என் வேலை அதில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தால் நீ திருடன். இத்தனை வருடமாக நான் நம்பியது உறுதியாகிவிடும்.

கொட்டாரம் ஊரில், உரக்கடை மாடியில், சொந்தமாக ஒரு விளையாட்டு உருவாக்க நாம் எடுத்திருந்த அறை இன்று ஒரு தையற்கடை. அதன் முதல் கேமராவுக்கு நிரல் எழுதியவன் நான். ஆள் எங்கே போனாலும் திரையின் நட்டநடுவில் இருப்பான். கடற்கரை ஊரான இனயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த நீ, அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏலே மக்கா, ஒனக்க ஆளு நடக்கான். கேமரா அவனுக்க சட்டையப் பிடிச்சிட்டுல்லா பொறத்தால நடக்கு. எழுதுனவனுக்க கொணம் அப்படியே இருக்கு."

"பின்ன எங்க பாக்கணும்?"

"வள்ளம் ஓட்டுகவன் நிக்க இடத்தப் பாப்பானா? போற இடத்தத்தான் பாப்பான்."

மறுநாள் கேமரா ஆளுக்கு முன்னால் பார்க்கத் தொடங்கியிருந்தது. கூடவே, உயரத்திலிருந்து குதித்தால் திரை ஒரு முறை கீழே அமிழ்ந்து, பிறகு குறைந்து குறைந்து குலுங்கும்படி எழுதியிருந்தாய். நான்கு முறை குதித்துப் பார்த்தேன். ஐந்தாவதில் தலை சுற்றி ஜன்னலுக்கு ஓடினேன். "கரைக்காரன்" என்றாய். கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்கு நீ வைத்த பெயர். அதன் பிறகு நீ என்னை என் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை.

எனக்கே உரியதாக அதில் ஒன்றுதான் இருந்தது. வரைந்த இடம் முடிந்தால் அதற்கப்பால் வெறும் கறுப்பு. கேமரா அதைக் காட்டிவிடக் கூடாது. எல்லையில் முட்டி நிற்காமல், வரும்போதே வேகம் தணிந்து உட்காரும்படி ஒரு வாரம் இருந்து எழுதினேன். நீ பார்த்துவிட்டு, "இது கொள்ளாம்" என்றாய். உன் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வருவது அபூர்வம்.

பிறகு கொச்சியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய். திரும்பி வரவில்லை. அங்கே நீ வேலை செய்த விளையாட்டு வெளிவந்தது. முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலின் படங்களை இணையத்தில் தேடியெடுத்து மூன்று முறை படித்தேன். என் பெயர் இல்லை. போன் செய்து, "நான் எழுதுன நிரல் வரி எத்தன அதில கெடக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்க வரி ஒண்ணும் இல்லடே. இருந்தா கேமரா இப்பவும் சட்டையப் பிடிச்சிட்டுல்லா நிக்கும்."

நீ சிரித்தாய். நான் போனை வைத்தேன். உன் அடக்கத்தன்று இனயம் வந்து, மாதா கோயில் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பினேன்.

இப்போது அந்த ஆளை எல்லைவரை ஓட்டிக்கொண்டு போனேன். கேமரா எல்லையில் போய் முட்டி நின்றது. வேறு நான்கு இடங்களிலும் அப்படியே. என் வேலையை நீ எடுக்கவில்லை. அன்று சொன்னது உண்மை. நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கொள்ளாம் என்றவன் அதை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?

ஆள் குதிக்கும்போதெல்லாம் வந்த குலுக்கல் தாங்காமல் விளையாட்டின் அமைப்புகளைத் திறந்தேன். குலுக்கலுக்கு மூன்று நிலைகள். முதல் இரண்டும் ஆங்கிலம்: முழுவதும், பாதி. மூன்றாவது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்: 'கரைக்காரன்'.

உன் மனைவி ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன்.

"அந்தச் சொல்ல எடுத்துரணும்னு கம்பெனில சொன்னாவளாம், அண்ணே. இவரு விடல்ல. 'எனக்கொரு கூட்டுக்காரன் உண்டு, அவனுக்குத் தல சுத்தும், அவனும் வெளையாடணும்'னு நின்னுட்டாரு."

"இத எப்ப சொன்னாரு? நான் போன்ல சண்ட போடுகதுக்கு முன்னயா, பொறவா?"

"போங்கண்ணே. செத்தவருட்ட கேக்க வேண்டியத எங்கிட்ட கேக்கிய. ஒங்கள எத்தன தடவ விளிச்சாரு, நீங்க எடுத்தியளா?"

முன்பு என்றால் அது கேலி. பின்பு என்றால் வேறு. கணவனை இழந்தவள் அவனைப் பற்றி நல்லதாகத்தானே சொல்வாள்? அந்த நிலையில் வைத்து விளையாடினேன். ஆள் எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் திரை அசையவில்லை. எனக்குத் தலை சுற்றவில்லை. கடைசிவரை போய், ஓடிய பெயர்களை மறுபடியும் படித்தேன். நான் அதில் இல்லை.

அன்று போனை வைத்த கையோடு அழைப்பே வராதபடி உன் எண்ணைத் தடுத்து வைத்தேன். எத்தனை முறை அழைத்தாய், என்ன எழுதினாய், எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. அந்தத் தடையை இன்னும் எடுக்கவில்லை. அது இருக்கும்வரை, நீ அந்தப் பக்கம் நின்று எதையோ சொல்லிக்கொண்டிருப்பதாக நான் சந்தேகப்படலாம்.